வடகடலில் ஒரு சட்டம்: ராமநாதபுரம் கரையில் கடலுயிர் கணக்கெடுக்க வருபவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் விடுமுறையில் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து நாலைந்து பேர் மண்டபத்தில் வந்து இறங்குவார்கள். முதுகில் பை, கழுத்தில் கேமரா, கையில் பேராசிரியர் எழுதிக் கொடுத்த ஒரு தாள். தாளில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று இருக்கும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "பவளப்பாறையப் பாக்கணும் சார்" என்பார்கள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் பவளத்தில் தொடங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மன்னார் வளைகுடாவில் பவளம் நன்றாக உள்ள இடங்கள் பெரும்பாலும் 21 தீவுகளைச் சுற்றியே இருக்கின்றன. அவை 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் முக்குளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் தெரிந்தால்கூட, அங்கே பதிவான 117 பவள இனங்களில் பாதியைப் பெயர் சொல்லிப் பிரிப்பதற்கே சில வருடங்கள் பழக வேண்டும்.

அதற்குப் பதிலாக, முழங்கால் தண்ணீரில் நின்றே பார்க்கக்கூடிய ஒன்று இந்தக் கரையில் இருக்கிறது: கடல்புல். படகும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். ஒரு கயிறு, ஒரு சதுரச் சட்டம், ஒரு பென்சில் போதும். ஒழுங்காகச் செய்தால், வெப்பமண்டல உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உள்ள முக்கியமான சிக்கல்கள் அத்தனையும் அந்த முழங்கால் தண்ணீரிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதலில் கேள்வி, அப்புறம் கடல்

"இங்கே என்னென்ன இனங்கள் இருக்கின்றன?" என்பது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. எவ்வளவு நேரம் தேடுகிறீர்களோ அவ்வளவு கிடைக்கும். ஒரு மணி நேரம் தேடியவர் ஒரு எண்ணைச் சொல்வார், ஒரு நாள் முழுக்கத் தேடியவர் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்வார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே கடலாக இருக்கும்.

இது வெப்பமண்டலத்தில் பெரிய தலைவலி. நம் கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் இருக்கிறது. குளிர்க்கடல்களில் சில இனங்களே இருக்கும், அவையும் கூட்டம் கூட்டமாக இருக்கும். இங்கே அப்படியில்லை. இனங்கள் ஏராளம், ஆனால் பெரும்பாலானவை ஒன்றிரண்டாகத்தான் கண்ணில் படும். முதல் நாள் ஒரே ஒரு கடல் குதிரையைப் பார்ப்பீர்கள், பிறகு ஆறு மாதம் ஒன்றும் தென்படாது. அது அழிந்துவிட்டதா, நீங்கள் பார்க்கத் தவறினீர்களா? போன முறை எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று எழுதி வைத்திருந்தால் ஓரளவு சொல்லலாம். எழுதாவிட்டால் வெறும் கதைதான்.

ஆகவே கேள்வி சின்னதாக, ஒப்பிடுகிற மாதிரி இருக்கட்டும். படகுகள் நங்கூரம் போடும் இடத்திலும் போடாத இடத்திலும் கடல்புல் ஒரே அளவா? கரையிலிருந்து உள்ளே போகப் போக எந்தப் புல் மாறுகிறது? மழைக்கு முன்னும் பின்னும் புல்லுக்குள் இருக்கும் நத்தைகள் எப்படி? இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு வருடம் போதாது. இரண்டைப் பிடித்தால் எதுவும் முடியாது.

எந்தக் கடல், எந்த மாதம்

மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் யாரும் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று பேசுவதில்லை. வடகடல், தென்கடல். அவ்வளவுதான். வடகடல் ஆழம் குறைந்தது, அமைதியானது. அதைப் பெண் கடல் என்றும், அலை எழும்பும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். நீங்களும் இதே சொற்களைப் பயன்படுத்துங்கள். டீக்கடையில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எந்தக் கடல் எப்போது அமைதி என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றும் சோளகமும் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ். வடகடல் கலங்கிச் சேறாகிவிடும். சட்டத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் சட்டமே தெரியாது.

டிசம்பரில் வருபவர்களின் பிரச்சினை இப்போது புரிந்திருக்கும். வடகடலில் புல் எண்ண மிக மோசமான மாதத்தில்தான் கல்லூரிகள் விடுமுறை விடுகின்றன. டிசம்பரில் வந்தால் இடம் பாருங்கள், ஆட்களைப் பழகிக்கொள்ளுங்கள், பறவை பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரையும் உள்ளான்களும் வந்திருக்கும் காலம் அது. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நாள் கலந்துகொண்டால், கணக்கெடுக்கும் ஒழுக்கம் என்ன என்பது பிடிபடும். புல்லுக்கு மார்ச்சில் திரும்பி வாருங்கள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. மண்டபத்தின் வடகரை, முனைக்காடு, தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று வரிசையாகக் கடல்புல் உண்டு. தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள். அங்கே இறங்கிக் குளிக்கும் கூட்டத்தின் காலடியில் உங்கள் கயிறு நிற்காது. யாராவது அதைப் பரிகாரக் கயிறு என்று நினைத்துக் கும்பிட்டாலும் ஆச்சரியமில்லை.

இரண்டு சட்டங்கள்

இந்த வேலையில் சட்டம் இரண்டு. ஒன்று பைப்பில் நாம் செய்வது, இன்னொன்று அரசாங்கம் போட்டது. பின்னதை முதலில் பார்ப்போம்.

தீவுகளுக்கும் அவற்றைச் சுற்றிய கடலுக்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி கட்டாயம். ஆராய்ச்சிக்கான அனுமதி சென்னையில் உள்ள முதன்மை வன உயிரினக் காப்பாளர் வழியாக வர வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். மாதங்கள் ஆகும் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். எதையும் எடுக்காமல், ஊர்க்கரையில் நின்று பார்த்து எண்ணுவது அவ்வளவு சிக்கலானதில்லை. ஆனாலும் கல்லூரிக் கடிதம் ஒன்றை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இறங்குவதே நல்லது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இது கடல் அட்டை கடத்தல் நடக்கும் கரை. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. விடிகாலையில் முன்பின் தெரியாத ஒருவர் கையில் பையோடு தண்ணீருக்குள் குனிந்து எதையோ தேடினால், கடலோரக் காவல் படையிலிருந்து ஊர்க்காரர் வரை யாருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். இலங்கை எல்லை வேறு பக்கத்தில். அடையாள அட்டையும் கடிதத்தின் நகலும் எப்போதும் கையில் இருக்கட்டும். கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது, விளையாட்டு வேண்டாம்.

கடல் அட்டையைக் கண்டால் கிடந்த இடத்திலேயே எண்ணுங்கள், படம் எடுங்கள், விட்டுவிடுங்கள். உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து முகநூலில் போடும் பழக்கம் ஒரு நாள் வம்பில் கொண்டுபோய் விடும்.

பைப் சட்டம்

ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் பி.வி.சி. பைப், நான்கு எல்போ வாங்குங்கள். உள்பக்க அளவு 50-க்கு 50 சென்டிமீட்டர் வரும்படி சதுரம் செய்யுங்கள். வெளி அளவு இல்லை, உள் அளவு. பக்கத்துக்கு நான்கு இடத்தில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டை போட்டு நைலான் நூல் கட்டினால் 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் என்பது 4 சதவீதம். கண்மதிப்பு சொல்ல இது பெரிய உதவி.

அப்புறம் பைப்பின் உடம்பு முழுக்க இன்னும் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் முதல் சட்டம் உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு மிதந்து, நான் நோட்டைத் திறப்பதற்குள் நீவாட்டில் (நீரோட்டத்தில்) இழுபட்டுப் போயிற்று. பக்கத்தில் நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர்தான் பிடித்துக் கொடுத்தார். "என்ன தம்பி, சன்னலக் கொண்டாந்து கடல்ல விட்டுட்டீக?" என்றார்.

50 மீட்டர் கயிற்றில் ஒவ்வொரு 5 மீட்டருக்கும் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். எழுத, வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் பென்சில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீருக்குள்ளும் எழுதலாம். பேனா ஆகவே ஆகாது. ஒரு வெப்பமானி, கைப்பேசிக்கு நீர் புகாத உறை, பழைய கேன்வாஸ் ஷூ. செருப்புப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், சேறு உருவிக்கொள்ளும்.

தண்ணீர் வற்றும் நேரம்

நம் கரையில் ஏற்ற வற்றம் பெரிதில்லை, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தட்டையான வடகடலில் அந்தக் கொஞ்ச வித்தியாசமே கரையை நூறு மீட்டர் தள்ளிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் நீர் அதிகம் வற்றும். அட்டமி, நவமியில் அவ்வளவு வற்றாது. இந்திய சர்வே துறை வெளியிடும் ஓத அட்டவணையில் பாம்பன் பகுதிக்கான நேரத்தைப் பாருங்கள். அலை, காற்று முன்னறிவிப்புக்கு ஐதராபாத் இன்காய்ஸ் நிலையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டையும் பார்த்த பிறகு ஊரில் ஒரு மீனவரிடமும் கேளுங்கள். காற்று பலமாக அடித்தால் அட்டவணை சொல்லும் மட்டம் மாறிவிடும், அது அவர்களுக்குத் தெரியும்.

வற்றத்தின் அடிமட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் கரையேறுங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும். அடித்துவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் நாட்களில் முழுக்கால் சட்டை போடுங்கள். கூம்பு வடிவச் சங்குகளைக் கையால் தொட வேண்டாம். அழகாக இருப்பதுதான் அதில் ஆபத்து, சில இனங்களின் கொட்டு உயிரையே வாங்கும்.

கயிறு போட்டு எண்ணுவது

உலகின் பல நாடுகளில் கடல்புல் கணக்கெடுப்பவர்கள் ஏறக்குறைய ஒரே முறையைப் பின்பற்றுகிறார்கள். நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் கயிறு. அதிலிருந்து 25 மீட்டர் தள்ளி இன்னொன்று, இன்னும் 25 தள்ளி மூன்றாவது. ஒவ்வொரு கயிற்றிலும் 0-விலிருந்து 50 வரை ஐந்து மீட்டருக்கு ஒரு சட்டம். ஒரு கயிற்றுக்கு 11, மொத்தம் 33 சட்டங்கள்.

கயிற்றின் ஒரு பக்கமாக நடங்கள், மறுபக்கத்தில் சட்டம் வையுங்கள். இதை மறந்தால் நீங்கள் மிதித்துக் கலக்கிய புல்லையே நீங்கள் எண்ணுவீர்கள்.

சட்டம் வைத்ததும் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் மேலிருந்து ஒரு படம். அடுத்து, மொத்தப் பரப்பில் புல் மூடியது எத்தனை சதவீதம். அதற்குள் எந்த இனம் எவ்வளவு. பிறகு பாசி எவ்வளவு. ஒவ்வோர் இனத்திலும் மூன்று இலைகளின் நீளம். கடைசியாகச் சட்டத்துக்குள் இருக்கும் சங்கு, நத்தை, நட்சத்திர மீன், அட்டை, நண்டு ஆகியவற்றின் எண்ணிக்கை. மீனைச் சட்டத்தில் எண்ணாதீர்கள். உங்கள் நிழல் விழுந்ததுமே அது ஓடிவிடும், கிடைக்கிற எண் உங்கள் நிழலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

முதல் பத்துச் சட்டங்களை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மதிப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைக்குக் கணக்கெடுப்பு வேண்டாம். கண்ணைப் பழக்குங்கள்.

இனி, நான் வாங்கிய அடி. முதல் வருடம் வெறும் மணல் இருந்த சட்டங்களை நான் எழுதவே இல்லை. ஒன்றும் இல்லாததை எதற்கு எழுதுவது என்று நினைத்தேன். வருடக் கடைசியில் சராசரி போட்டால் அந்த இடம் பசுமை பொங்கும் வயல் மாதிரி வந்தது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி மொட்டை. 33 சட்டம் வைத்து 16-இல் மட்டும் புல் இருந்தால், வகுக்க வேண்டியது 33-ஆல். நான் வகுத்தது 16-ஆல். எத்தனை சட்டம் வைத்தேன் என்ற குறிப்பும் இல்லாததால் திருத்தவும் வழியில்லை. ஒரு வருட உழைப்பு கடலோடு போயிற்று. பூஜ்ஜியத்தை எழுதுங்கள். பெரிதாக எழுதுங்கள்.

மணல் மொட்டையாகத் தெரிவதில் இன்னொன்றும் இருக்கலாம். புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வளைந்து வளைந்து போகும் வெறும் தடம் தென்பட்டால் அளந்து படமெடுங்கள். கடல் பசு மேய்ந்த தடமாக இருக்கலாம். ஊரில் அதை ஆவுளியா என்பார்கள். அது புல்லை நுனி கடிப்பதில்லை, வேரோடு கிளறித் தின்னும். படகின் விசிறி கீறிய தடமும் பார்க்கக் கொஞ்சம் இதே மாதிரி இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் நேராகப் போகும்.

பெயர்: ஊர்ப்பெயர் முதலில்

கடல்புல் பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான தாவரம். புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். இந்தக் கரையில் நீங்கள் அடிக்கடி பார்க்கப் போவது ஆறேழு வகை. அவற்றை இலையின் நுனியைப் பார்த்தே ஓரளவு பிரித்துவிடலாம்.

ரிப்பன் மாதிரி ஒரு மீட்டர் வரைகூட நீண்டு, அடிக்கிழங்கில் கறுப்பு மயிர் போல நார் இருந்தால் என்ஹாலஸ். இலை அரிவாள் மாதிரி லேசாக வளைந்து, தண்டு தடித்து, கணுக்கணுவாக வடு இருந்தால் தலாசியா. பட்டை இலையின் நுனியில் விரலை வைத்தால் ரம்பப்பல் மாதிரி நெருடினால் சைமோடோசியா செருலாட்டா. நெருடாமல் வழவழப்பாக உருண்டிருந்தால் சைமோடோசியா ரொட்டண்டாட்டா. இலை தட்டையாக இல்லாமல் சேமியா மாதிரி உருண்டிருந்தால் சிரிங்கோடியம், இதில் யாரும் தவறவே முடியாது. மெல்லிய இலை, நுனியில் சூலம் மாதிரி மூன்று முனை என்றால் ஹாலோடியூல். துளசி இலை அளவுக்கு முட்டை வடிவில் ஜோடி ஜோடியாக மணலில் ஒட்டிக் கிடந்தால் ஹாலோஃபிலா ஓவாலிஸ். கடைசி இரண்டும்தான் கடல் பசுவுக்கு மிகவும் பிடித்தவை.

தலாசியாவையும் சைமோடோசியாவையும் முதல் மாதம் எல்லோரும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். சந்தேகம் இருந்தால் 'பட்டை இலை, வகை 1' என்று எழுதிப் படத்தின் எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். தவறான லத்தீன் பெயரை எழுதிவிட்டால் பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'வகை 1' என்று இருந்தால் என்றைக்காவது திருத்தலாம்.

பாசிக்குப் போனால் ஆசிரியர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பாசி எடுக்கும் பெண்கள். கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, பக்கோடா என்று அவர்கள் பிரிக்கும் வகைகள் சும்மா வைத்த பெயர்கள் இல்லை. கட்டக்கோரை சர்காசம், மரிக்கொழுந்து ஜெலிடியெல்லா, கஞ்சிப்பாசி கிராசிலேரியா, பக்கோடா டர்பினேரியா. விலை வேறு என்பதால் அவர்கள் பிரிப்பதில் பிசகே வராது. பெப்சி பாசி என்று ஒன்றைச் சொல்வார்கள். அது வெளியிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ். பெப்சி நிறுவனம் ஒரு காலத்தில் அதை ஒப்பந்தத்தில் வளர்க்கச் சொன்னதால் வந்த பெயர். வளர்ப்பிலிருந்து தப்பிய அந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதாக 2008-இல் ஆய்வறிக்கை வந்தது. உங்கள் கயிற்றில் எங்காவது அது தென்பட்டால் தவறாமல் குறியுங்கள்.

ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அரை நாள் பெயர் கேட்டால், அரை நாள் கூலியைக் கொடுங்கள். அவர்களுக்கு அன்றைய வற்றம்தான் அன்றைய சம்பாத்தியம். நன்றியுரையில் பெயர் போடுவது அப்புறம்.

அறிவியல் பெயரை உறுதிப்படுத்த மண்டபம் கேம்ப் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போகும் வரை இங்கேதான் இருந்தது, இன்றும் மண்டல மையம் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் போங்கள். போகும்போது மங்கலான ஒரு படத்தைக் காட்டாமல், முழு இலை, நுனி, தண்டு என மூன்று படம் காட்டுங்கள்.

கடல் கலங்கிய நாட்களில் சங்காயம்

வாடை அடிக்கும் மாதங்களில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். மீன் இறங்குதளத்துக்குப் போங்கள். விசைப்படகில் விலை போகாமல் ஒதுக்கும் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர், மீன்தூள் ஆலைக்குப் போவது. வெப்பமண்டலக் கடலின் பன்மயம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்தக் குவியலைக் காட்டலாம். காரல், நகரை, கிழங்கான், குட்டி நண்டு, நட்சத்திர மீன், பெயர் தெரியாத பத்து வகைச் சிப்பி எல்லாம் ஒரே கூடையில் கிடக்கும். கேட்டு ஒரு கிலோ வாங்கி, தார்ப்பாயில் கொட்டி, வகை வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். கடல் குதிரையோ அட்டையோ கிடந்தால் எழுதிக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள், எடுத்து வராதீர்கள்.

எங்கே பிடித்தது என்று கேட்டால் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி. விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் தனித்தனி. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். இதைக் கணக்கில் வைக்காமல், "மே மாதத்தில் மீன் இனங்கள் அருகிவிட்டன" என்று ஒருவர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அருகியது படகு.

எண்களை என்ன செய்வது

கரையேறிய அன்று இரவே பலகையில் உள்ளதை எக்செலில் ஏற்றுங்கள். ஒரு சட்டத்தில் ஓர் இனத்துக்கு ஒரு வரி. தேதி, திதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, நீரின் வெப்பம், எண்ணியவர் பெயர் எல்லாம் தனித்தனிப் பத்தியில். நீரின் வெப்பத்தை அலட்சியமாக விடாதீர்கள். 2010-லும் 2016-லும் கோடையில் இந்த வளைகுடாவில் பவளம் வெளுத்தபோது, கரையோர வெப்பப் பதிவு ஒவ்வொன்றும் விலைமதிப்புள்ளதாகிவிட்டது.

முதலில் ஒரு வளைகோடு வரையுங்கள். கிடை அச்சில் சட்டங்களின் எண்ணிக்கை, நிமிர் அச்சில் அதுவரை கண்ட மொத்த இனங்கள். தொடக்கத்தில் விறுவிறுவென்று ஏறும், பிறகு படுக்கும். புல்லுக்கு இது சீக்கிரம் படுத்துவிடும், ஆறேழு இனம்தானே. சங்கு, நத்தைக்குப் போட்டால் 33 சட்டம் முடிந்தும் ஏறிக்கொண்டே இருக்கும். ஏறுகிற கோட்டை வைத்துக்கொண்டு 'இங்கே இத்தனை இனம்' என்று சொல்லக் கூடாது. 'இத்தனை சட்டத்தில் இத்தனை கண்டோம்' என்று சொல்லலாம். இரண்டு இடங்களை ஒப்பிடுவதாக இருந்தால் சட்டங்களின் எண்ணிக்கையைச் சமமாக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஷானன் குறியீடு. எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாகக் கலந்திருக்கின்றன என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. எல்லோரும் போடுவார்கள், பாதிப் பேர் என்னவென்று புரியாமல் போடுவார்கள். ஒரு விளையாட்டுக் கணக்கு. இரண்டு இடத்திலும் நாலு வகைப் புல் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் நாலும் 25, 25, 25, 25 சதவீதம். இரண்டாவதில் 97, 1, 1, 1. பட்டியல் போட்டால் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டிக் குறியை மாற்றினால், முதலாவதுக்கு 1.386, இரண்டாவதுக்கு 0.168 வரும். இந்த எண்ணை அப்படியே சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எக்செலில் அதன் அடுக்குக்குறிச் சார்பை (EXP) போடுங்கள், 4 என்றும் சுமார் 1.2 என்றும் வரும். அதாவது இரண்டாவது இடத்தில் பெயருக்கு நாலு இனம், நடைமுறையில் ஒன்றே கால்கூட இல்லை. ஊராட்சிக் கூட்டத்தில் பேசச் சொன்னாலும் இதைப் பேசலாம். நான் எப்போதும் இந்த எண்ணையே கொடுக்கிறேன்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள், பறவைகளை இ-பேர்டில். கடல் குதிரை, கடல் அட்டை படங்களுக்கு மட்டும் சரியான இடத்தை மறைத்து வையுங்கள். ஆராய்ச்சியாளர்கள் மட்டும்தான் அதைப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

திரும்பப் போவது

ஒரு தடவை எடுத்த கணக்கு ஒரு புகைப்படம் மாதிரி. குறைந்தது ஒரு வருடத்தில் நாலு தடவை, அதே இடம், அதே கயிறு, அதே திதிக்கு அருகில் போங்கள். மூன்று கயிறுகளின் தொடக்கப் புள்ளியையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். அதோடு கரையில் நிலையான ஏதாவது ஒன்றோடும் இணைத்து எழுதுங்கள். 'ஒற்றைப் பனையிலிருந்து கடலைப் பார்த்து 40 தப்படி' என்று ஒருவர் எழுதியிருந்தார், அடுத்த புயலில் பனை விழுந்தது. ஆகவே இரண்டு அடையாளம் எழுதுங்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கரையில் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு தொகுப்பே வெளியிட்டது. தீவுகளிலேயே இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், பவளம் வெட்டி எடுத்து எடுத்துப் பின்னாளில் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. அப்படி ஒன்று காணாமல் போகும்போது முன்பு என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்டத் தேதியிட்ட ஒரு நோட்டு வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்ததும் கயிற்றையும் குச்சிகளையும் பிடுங்கி வந்துவிடுங்கள். விட்டுவிட்டு வந்த கயிறு யாராவது ஒருவரின் வலையில் போய்ச் சிக்கும். அடுத்த முறை அந்த ஊரில் உங்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் மாட்டுங்கள். வெயிலில் போட்டால் பி.வி.சி. பைப் வளைந்துவிடும். போவதற்கு முந்தின நாள் இரவு ஸ்கேலை வைத்து நாலு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் எல்போவைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, அப்புறம் அலாரம் வைத்துத் தூங்குங்கள்.